மலையைக் கும்பிட்ட குழந்தை

என் மகள் ஐந்தாவது மாதத்திலேயே மலையைக் கும்பிடுகிறாள் என்று எங்கள் தெருவே பேசியது. பேசியவர்களில் முதல் ஆள் நான்தான். பெருமையை வாய்க்குள் அடக்கிவைக்கிற சாமர்த்தியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அதனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நானே சொல்லிவிடுகிறேன். யாழினி இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் முடிந்தவரை எழுதிவிட வேண்டும். அவள் கண் விழிக்கிற நேரம் இன்றைக்கும் எனக்குப் பயம். அந்த நேரத்தில் என்னால் வேறு எதையும் செய்ய முடியாது.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஒரு விருந்தினர் விடுதியின் மாடியில் குடியிருக்கிறோம். என் கணவர் குமரேசன் அந்த விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் மோட்டார், வைஃபை, வெந்நீர் வரவில்லை என்கிற வெளிநாட்டுக்காரர்களின் புலம்பல் எல்லாம் அவர் தலையில்தான். எங்கள் படுக்கையறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் மலை. இந்த ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிற பழக்கம்தான் எங்களுக்கும்: கண் விழித்ததும் முதலில் மலையைப் பார்ப்பது. யாழினி பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து, அவள் காலையில் எழுந்தாலும் சரி, மத்தியானம் எழுந்தாலும் சரி, அவர் வாரி எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலில் நிறுத்துவார். "அண்ணாமலையார் பாரு பாப்பா, அரோகரா சொல்லு" என்பார். அவள் கொட்டாவி விடுவாள்.

அதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது. இரண்டாவது மாதம் முகம் பார்த்துச் சிரித்தாள். தூக்கத்தில் தானாக வருகிற சிரிப்பைச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, பொக்கை வாய் முழுக்க விரிகிற சிரிப்பு. அப்பாவின் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கினால் போதும், கை கால் நான்கும் ஆடும். மூன்றாவது மாதக் கடைசியில் தலை நின்றது. நான்காவது மாதம் ஒரு மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது புரண்டு குப்புற விழுந்து, தன்னையே நம்பாத மாதிரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் என் கணவரின் அக்கா, கலா அண்ணி, அன்றே பாயசம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தார்.

"குப்புற விழுந்ததுக்கே பாயசமா அண்ணி? நடந்தா பிரியாணியா?" என்றேன்.

"நடந்தா உனக்குத்தான் வேலை ஜாஸ்தி. பிரியாணிய நீ பண்ணு, நான் வந்து சாப்புடறேன்" என்றார்.

ஐந்தாவது மாதம் பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். காலையில் ஜன்னலருகே என் கணவர் அவளைத் தூக்கிப் பிடித்திருந்தார். யாழினியின் தலை சட்டென்று முன்னால் குனிந்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் வந்து சேர்ந்தன. இடுப்பிலிருந்து உடம்பே வளைந்து கும்பிடு போட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான், நிமிர்ந்துவிட்டாள். அவர் என்னைக் கூப்பிடுவதற்குள் மறுபடி அதே மாதிரி. மறுபடி. மறுபடி.

"ஏய் பவானி, ஓடி வா! கும்புடறாடி! மலைய பாத்து கும்புடறா!"

நான் கையில் தோசைக்கரண்டியோடு ஓடினேன். பார்த்தேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தையில்லாமல் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றியவள் நான். என் கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

மறுநாளும் எழுந்தவுடன் கும்பிட்டாள். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் கும்பிட்டாள். கலா அண்ணி போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார். ஆரணியிலிருந்து, பெங்களூரிலிருந்து எல்லாம் பதில் வந்து குவிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் மாடியேறி வந்து, தரையில் சம்மணமிட்டு, குழந்தை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் காபி போட்டுக்கொடுத்தேன். என்ன கேலிக்கூத்து! ஆனால் அன்றைக்கு எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் கூடவே நடந்தது. யாழினி அமைதியாகிக்கொண்டே வந்தாள். முன்பு "ங்கா" என்று பேச்சுக்குப் பேச்சு எதிர்க்குரல் கொடுப்பவள், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். புரளவில்லை. குண்டாகிவிட்டாள், அதனால்தான் புரள முடியவில்லை என்றார்கள். கும்பிட்டு முடித்ததும் சில நாள் வீறிட்டு அழுதாள். பசி என்றேன். இந்த ஊரில் பேசாமல் கண் நிலைத்து உட்கார்ந்திருப்பவரை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. "தியானத்துல கீறா" என்று எதிர் வீட்டுக்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிரிப்பு நின்றதை மட்டும் நான் கவனித்தேன். ஒரு சாயங்காலம் என் கணவர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். யாழினியின் கண் சாவிக்கும் போகவில்லை, அவர் முகத்துக்கும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது.

"ஏங்க, பாப்பா சிரிச்சு எத்தினி நாளாச்சு?" என்று கேட்டேன்.

அவர் குலுக்குவதை நிறுத்தினார். "நேத்து சிரிச்சாளே?" என்றார். "சிரிக்கல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

பிறகு அவளுக்குச் சளி பிடித்தது. அந்தச் சளிக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன். அதற்காகத்தான் நானும் அண்ணியும் டவுனில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கிற இடத்தில் யாழினி என் மடியில் தூங்கிவிட்டாள். உள்ளே கூப்பிட்டபோதுதான் முழித்தாள். டாக்டர், நாற்பது வயதுக்காரப் பெண்மணி, நெஞ்சில் குழாயை வைக்கப் போன நேரத்தில் யாழினி கும்பிட ஆரம்பித்தாள்.

"சாமி கும்புடுது டாக்டர்" என்றார் அண்ணி, முகமெல்லாம் பல்லாக. "எழுந்ததும் மலைய கும்புட்டாத்தான் அவளுக்கு ஆகும். எங்க கூட்டிட்டுப் போனாலும் மலை எந்தப் பக்கம்னு எப்படித்தான் தெரியுதோ!"

இந்த ஊர்க்காரர்களுக்கு எந்த அறைக்குள் இருந்தாலும் மலை எந்தத் திசையில் என்று தெரியும். யோசிக்க வேண்டியதில்லை, உடம்புக்கே தெரியும். அந்த அறையில் மலை எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது. யாழினி கும்பிட்டது தடுப்பூசி அட்டவணை ஒட்டிய சுவரை.

"கொஞ்சம் பேசாதீங்க" என்றார் டாக்டர். குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, குனிந்து, யாழினியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தாள், நிமிர்ந்தாள். சில நொடி இடைவெளி. மறுபடி குனிந்தாள். ஒரே மாதிரி, மிஷின் மாதிரி. அது அடங்கி அவள் அழத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் நிமிர்ந்தார்.

"எப்ப எப்ப வருது இது?"

"தூங்கி எழுந்ததும் மலைய காட்டுவோம் டாக்டர். அப்பதான்" என்றேன்.

"இப்ப யாரும் காட்டலையே."

டாக்டர் வேறு கேள்விகளுக்குப் போனார். முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? முன்பு சிரித்தாள். பொருளைக் காட்டினால் கை நீட்டுகிறாளா? முன்பு நீட்டினாள். புரளுகிறாளா? முன்பு புரண்டாள். ஒவ்வொரு பதிலிலும் 'முன்பு' வந்தது.

"வீடியோ இருக்குதா?" என்றார்.

அண்ணி போனை எடுத்து நீட்டினார். வீடியோவில் யாழினி ஜன்னலருகே குனிந்து குனிந்து நிமிர்கிறாள். பின்னால் நாங்கள் கைதட்டுகிற சத்தம். "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி செல்லம்!" என்று என் குரல். அதற்குமேல் அண்ணியின் சிரிப்பு. டாக்டர் சத்தத்தைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தார்.

"இது வலிப்புல ஒரு வகைம்மா" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டைக்கே போனேன். வலிப்பு என்றால் கீழே விழுந்து, நுரை தள்ளி, கை கால் வெட்டிக்கொள்ள வேண்டும். இவளோ கும்பிடுகிறாள்! டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கைக்குழந்தைகளுக்கு மட்டும் வருகிற வலிப்பு இது, இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்று பெயர், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தொடங்கும், தூங்கி எழுகிற நேரத்தில் சரம் சரமாக வரும், பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும் என்றார். ஆனால் அந்தச் சமயம் மூளைக்குள் மின்சார ஓட்டம் தாறுமாறாகிவிடும். அதனால் கற்றதை மறக்கும், புதிதாகக் கற்காது. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது.

"நாங்க சாமி கும்புடறான்னு..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

"உங்களுக்கு மட்டும் அப்படித் தோணலம்மா. அந்தக் காலத்து டாக்டருங்களே இதுக்கு 'சலாம் வலிப்பு'ன்னுதான் பேரு வெச்சாங்க. சலாம் போடற மாதிரி இருக்கும்னு."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது. "எம் பொண்ணு என்னை மறந்துடுவாளா டாக்டர்?"

அவர் உடனே 'இல்லை' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "முதல்ல வலிப்ப நிறுத்துவோம்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்குச் சென்னையிலிருந்து ஒரு குழந்தைகள் நரம்பு மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வருகிற நாளே மறுநாள். இ.இ.ஜி. என்ற சோதனையை அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைக் கோடு கோடாகப் பதிவு செய்கிற சோதனை அது. ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் குழந்தை சோதனை மேசையில் தானாகத் தூங்கி, அங்கேயே விழிக்க வேண்டும். அதனால் விடியற்காலையில் எழுப்பிவிட்டு, அதுவரை தூங்கவிடாமல் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த மறுநாள் பௌர்ணமி.

வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மத்தியானத்திலேயே செங்கம் சாலை முழுக்க ஜனம். கிரிவலக்காரர்கள் கோயிலில் ஆரம்பித்து எங்கள் பக்கமாக வருவார்கள். நாங்கள் டவுனுக்குப் போக வேண்டும், அதாவது அத்தனை பேருக்கும் எதிராக. அவர் யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே ஈரத்துணியால் அவள் பாதத்தைத் தடவிக்கொண்டே போனேன். அவளுக்குக் கண் சொருகும்போதெல்லாம் நான் தட்டி எழுப்பினேன். பெற்ற பிள்ளையைத் தூங்கவிடாமல் பண்ணுவது எவ்வளவு கொடுமை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. எதிரே வந்த பெண்களெல்லாம் "ஐயோ பாவம், தூக்கம் வருதும்மா அதுக்கு" என்றார்கள். ஒரு அம்மாள் நின்று நெற்றியில் விபூதி வைத்துவிட்டார். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வழியை மறித்தார்.

"இப்படி வரக் கூடாதும்மா. வலமாத்தான் சுத்தணும். திரும்பிப் போங்க."

"நாங்க சுத்தல. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நாங்க ஏன் இந்தப் பக்கமா வர்றோம்னு உங்க சாமிக்குத் தெரியும், நீங்க நவுருங்க" என்று கத்தினேன். அவர் பயந்து ஒதுங்கினார். பிறகு கொஞ்ச தூரம் அவரே முன்னால் நடந்து, "வழி விடுங்க, குழந்தைக்கு உடம்பு சரியில்ல" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டே வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சோதனை அறையில் ஒயர்களை ஒட்டி முடிக்கும் முன்பே தூங்கிவிட்டாள். விழித்தபோது வழக்கம்போல் வந்தது. அப்போது நான் திரையைப் பார்த்தேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாதுதான். ஆனாலும் சின்னப் பிள்ளை கையில் பேனா கொடுத்தால் தாள் முழுக்கக் கிறுக்கி வைக்குமே, அப்படி இருந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதுவரை யாழினியைக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். திடீரென்று கொஞ்சுவதை நிறுத்திவிட்டார். என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

நரம்பு மருத்துவர் அந்தக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, அன்றே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்து, வாய் வழியாகக் கொடுப்போம், அது வேலை செய்தால் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும், செய்யாவிட்டால் வேறு மருந்துக்குப் போவோம் என்றார். ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க ரத்தம், சிறுநீர், மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மருந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும், ஆகவே யாரையும் பக்கத்தில் விடக் கூடாது. முகம் வீங்கும், பசி எடுக்கும், எரிச்சல் வரும், ரத்த அழுத்தம் ஏறும். அவர் சொல்லச் சொல்ல என் கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் "இன்னா சொன்னாரு?" என்று என்னைக் கேட்டார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.

பில்லைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. விடுதி முதலாளி சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். என் கையில் இருந்தபடியே அவள் துவண்டுபோனபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. மற்றச் சோதனைகளிலும் காரணம் கிடைக்கவில்லை. "காரணம் தெரியாதது ஒரு வகையில நல்லதுதான், அந்தக் குழந்தைங்க நல்லா வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி" என்றார் முதலில் பார்த்த குழந்தை டாக்டர். காரணம் தெரியாததை நல்ல செய்தி என்று கேட்டுக்கொள்ள ஒரு தனி மனசு வேண்டும். என்னிடம் அது இல்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த குப்பைத்தொட்டியை உதைத்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அப்பா வந்தார். அம்மா போன பிறகு தனியாகப் பயிர் வைத்துப் பிழைக்கிற மனிதர். மணிலாக்கொட்டை பிடுங்குகிற சமயம், ஆள் விட்டுவிட்டு வந்திருந்தார். டாக்டர் சொன்னதை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். "எனக்கு இன்னாம்மா புரியப் போவுது" என்று கையமர்த்திவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் நான் குளிக்கப் போனபோது என் அழுக்குப் புடவையும் யாழினியின் துணிகளும் ஆஸ்பத்திரி மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பால் கக்கிய துணிகளைத் தனியாக அலசியிருந்தார். வாழ்நாளில் தன் வேட்டியைத் தவிர வேறு துணி துவைக்காத மனிதர்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"சும்மா குந்தினிருக்கச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார். அந்த எரிச்சல் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

கலா அண்ணி மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முதலில், உள்ளே யாரையும் விடுவதில்லை என்பதால்தான் என்று நினைத்தேன். ஒருநாள் சாதத்தோடு கோயில் விபூதியும் இருந்தது. எனக்கு எங்கிருந்தோ வெறி வந்துவிட்டது.

"இன்னும் எதுக்கு அண்ணி இது? கும்புட்டதெல்லாம் போதாதா? அந்த வீடியோவ ஊர் பூரா அனுப்பினீங்களே, அதுவும் போதாதா?"

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி அசையவில்லை. "ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி அழிக்கச் சொல்லிட்டேன் பவானி" என்றார். "டாக்டர் கேட்டா காட்டணும்னு என் போன்ல மட்டும் வெச்சிக்கீறேன். தெனம் பாக்கறேன். புள்ளைக்கு வலிப்பு வருது, அதுல என் சிரிப்பு கேக்குதுடி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிப்புக்குக் கீழே "இன்னொரு வாட்டி" என்று கேட்பது என் குரல்தானே. இரண்டு பேரும் அந்த வராந்தாவிலேயே நின்று அழுதோம். பிறகு அவர்தான் "சாதம் ஆறுது, போய் துன்னு" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

மருந்து ஆரம்பித்த பிறகு யாழினியின் முகம் உப்பிக்கொண்டே வந்தது. ஓயாமல் பசி, ஓயாமல் அழுகை. கைக்குழந்தைக்கென்றே சின்னதாக ஒரு பிரஷர் பார்க்கும் பட்டை இருக்கிறது, அதை நர்சுகள் சுற்றும்போதெல்லாம் கத்தினாள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் கண் விழிக்கிற நிமிஷம்தான் நரகம். இமை அசைந்ததும் நானும் அவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுவிடுவோம். அவர் போனில் படம் எடுக்கத் தயாராக இருப்பார். தலை குனிகிறதா? கை வருகிறதா? முதலில் அப்படியே வந்தது. பிறகு சரம் குட்டையாகியது. பிறகு ஒரு காலை அவள் விழித்தாள், கொட்டாவி விட்டாள், முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டாள். நாங்கள் நின்றோம். கால் மரத்துப்போகும்வரை நின்றோம். எதுவும் வரவில்லை.

"இன்னிக்கு வரல" என்றார் அவர், யாருக்கும் கேட்டுவிடாத குரலில்.

"வாய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றேன். எனக்கு அவ்வளவு பயம்.

அன்றைக்கு வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. மறு சோதனையில் அந்தக் கிறுக்கல் இல்லை, கோடுகள் ஒழுங்குக்கு வந்திருந்தன. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் முறையைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் சந்தோஷத்தில் கிளம்பப் போனேன். குழந்தை டாக்டர் உட்காரச் சொன்னார்.

"வலிப்பு நின்னது ஒரு விஷயம்மா. வளர்ச்சி திரும்பறது வேற விஷயம். ரெண்டும் ஒண்ணாவே வரும்னு நான் சொல்ல முடியாது. வலிப்பு திரும்பி வரவும் செய்யலாம். பொறுமையா பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் நான் அந்த ஜன்னலைச் சாத்தி, குறுக்கே பீரோவை நகர்த்தி வைத்தேன். மலையின் மேல் எனக்குக் கோபம். "மலை இன்னாடி பண்ணுச்சு?" என்றார் அவர். எனக்கும் தெரியும், எதுவும் பண்ணவில்லை. ஆனால் யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, அது ஒன்றுதான் திருப்பித் திட்டாது. காற்றில்லாமல் குழந்தைக்கு வேர்க்குரு வந்ததும் நானே பீரோவை நகர்த்தினேன்.

பிறகு வந்த மாதங்கள்தான் ஆஸ்பத்திரியைவிடக் கஷ்டமானவை. ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லிக்கொடுத்தபடி குப்புறப் போட்டுத் தலை தூக்க வைத்தோம். சுருட்டிய துண்டை அக்குளுக்குக் கீழே வைத்தோம். கிலுகிலுப்பையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாக நகர்த்தினோம். தலை மறுபடி நின்றது. புரண்டாள். பொருளை எட்டிப் பிடித்தாள். எல்லாம் இரண்டாவது முறையாக, மெதுவாக. சிரிப்பும் எப்போதாவது வந்தது, ஆனால் அது யாருக்கு என்று தெரியவில்லை. காற்றாடிக்கும் சிரித்தாள்.

எனக்குள் இருந்த கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. யார் தூக்கினாலும் போனாள். எதிர் வீட்டுக்காரர், கூரியர்காரர், விடுதிக்கு வந்த ஆள், நான், எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். என் இடுப்பிலிருந்து இறக்கி இன்னொருவரிடம் கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "எவ்ளோ நல்ல புள்ள, யார்கிட்டயும் அழவே மாட்டேங்குது" என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இவளுக்கு அம்மா என்று ஒருத்தி இருப்பது தெரியவே தெரியாதா? இதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனோம். யாழினிக்குப் பத்து மாதம் முடியப் போகிறது. எடை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் கையை நீட்டினார். நானும் வழக்கம்போல் கொடுத்தேன். நர்ஸ் இரண்டடி எடுத்து வைத்திருப்பார். யாழினி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கீழுதடு பிதுங்கியது. தலையைத் திருப்பினாள், சுவரைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், தேடினாள், என்னிடம் வந்து கண் நின்றது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியே அதிர்கிற மாதிரி வீறிட்டு, இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு, நர்ஸின் பிடியிலிருந்து பாய்ந்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாரைத் தேடறா பாருங்க" என்றார்.

நான் ஓடிப்போய் வாங்கினேன். என் தோளில் முகத்தைப் புதைத்ததும் அழுகை நின்றது. சட்டென்று, குழாயை மூடின மாதிரி. என் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விக்கினாள். என் கணவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தற்செயலாக இருக்கலாமே. இத்தனை மாதம் பயந்தவளுக்கு ஒரு தடவை எப்படிப் போதும்?

"சிஸ்டர், இன்னொரு தடவை வாங்கிக்குங்க" என்றேன்.

நர்ஸ் தயங்கித் தயங்கி வாங்கினார். யாழினி முன்னைவிடப் பலமாகக் கத்தினாள். முகம் சிவக்க, மூச்சுத் திணற, என் மேலிருந்து கண்ணை எடுக்காமல், என்னை நோக்கிக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"பாவம்மா, எப்படி அழுவுது பாருங்க. புடிங்க" என்றார் நர்ஸ்.

"ஒரே நிமிஷம் இருங்க சிஸ்டர்" என்றேன். எனக்குக் கண் மறைத்தது. "அழட்டும். என்னைத்தான் கூப்புடறா."